பன்னிரண்டாவது பேசின்

பிப்ரவரி 11, ஞாயிறு

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து பெரிய வியாழனுக்கான சாமான்களைச் சரிபார்த்தோம். எங்கள் மெனோனைட் சபை சின்னது, இருபது குடும்பம். நாங்கள் சத்தியம் செய்வதில்லை, சண்டைக்குப் போவதில்லை, கோர்ட்டுக்குப் போவதில்லை. விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம். வருஷத்துக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று, அப்பம் பிட்டு உண்கிற இராப்போஜனத்துக்கு முன்னால் பெண்கள் பெண்களுடைய காலையும் ஆண்கள் ஆண்களுடைய காலையும் கழுவுவோம். யாரோடு மனஸ்தாபம் இருக்கிறதோ அவர் காலைத்தான் முதலில் கழுவ வேண்டும். கழுவாமல் அப்பத்தில் கை வைக்கக் கூடாது.

அதற்காக நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் பேசின் பன்னிரண்டு பெண்கள் பக்கம் உண்டு. இன்று எண்ணினால் பதினொன்று.

"ஞானப்பூ, ஒண்ணு எங்கே?" என்று சுகிர்தம் டீச்சர் கேட்டார்.

"எங்கயாவது இருக்கும். பாக்கேன்" என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மாசி முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டது. விடிவதற்குள் ஆற்றங்கரைத் தோட்டங்களில் இருந்து வாழையிலைக் கட்டு வந்து என் கடை நிறைந்துவிட்டது. கிழிந்த இலையை நடுவில் ஒளித்துக் கட்டியிருந்தான் ஒருவன். முப்பது வருஷம் இலை விற்றவளிடம். கட்டைப் பிரித்து அவன் முன்னாலேயே மாட்டுக்குப் போட்டேன். என் வலது சுண்டுவிரல் மடங்காது, வண்டிக் கதவில் நசுங்கியது. ஆனாலும் கட்டைப் பிரிக்கிற வேகத்தில் இந்தச் சந்தையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

மத்தியானம் ஹெப்சிபா வந்தாள். எங்கள் சபை மூப்பர் தேவஇரக்கம் அண்ணாச்சியின் மருமகள், அவர் மகன் ரூபனின் மனைவி. இருபத்தேழு வயது. கையில் ஒரு பை. தலையைச் சுற்றித் துப்பட்டா.

"என்னளா, வெயில்ல மூடிக்கிட்டு வார?"

"கால் தடுக்கி விழுந்துட்டேன் சித்தி."

துப்பட்டாவை விலக்கினேன். இடது காதில் இருந்து கழுத்து வரை இரத்தம் காய்ந்திருந்தது. கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முகூர்த்த நாளில் நான் கடை பூட்டியதைப் பார்த்து எதிர்க் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

பிப்ரவரி 14, புதன்

காதுச் சவ்வு கிழிந்து உள்ளேயும் அடிபட்டிருக்கிறதாம். எப்படி ஆனது என்று டாக்டரம்மா கேட்டார். ஹெப்சிபா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். விழுந்தேன் என்றாள். அப்படியே எழுதிக்கொண்டார்.

என் வீட்டில்தான் இருக்கிறாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பெண்கள் சங்கத்தில் பராமரிப்பு ஊழியம் என் பொறுப்பு. யாருக்காவது பிரசவம், ஆபரேஷன், சாவு என்றால் முறை போட்டுச் சோறு கொண்டுபோவோம், கூட இருப்போம், ஜெபிப்போம். அதேபோல் ஹெப்சிபாவுக்கும் முறை போட்டேன். திங்கள் சுகிர்தம் டீச்சர், செவ்வாய் தையல்காரி எமீமா, இப்படி.

ஐந்து பேர் நைசாக நழுவினார்கள். "எங்க வீட்டுல அவிய சம்மதிக்க மாட்டாவ" என்றாள் ஒருத்தி.

"சோத்தை அவியளா பொங்குதாவ? நீதானே பொங்குத?" என்றாள் எமீமா.

எமீமா கொண்டுவந்த மீன்குழம்பில் உப்பு ஏகம். ஹெப்சிபா சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறை.

பிப்ரவரி 24, சனி

மூப்பர் கடைக்கு வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"தங்கச்சி, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி வை. ரூபன் வருத்தப்படுதான்."

"வருத்தப்படட்டும் அண்ணாச்சி. நல்லதுதானே."

"ஊரு சிரிக்கும். அவ ஸ்டேஷனுக்குப் போவான்னு பேசிக்கிடுதாவ. நம்ம சபை கோர்ட்டுப் படி ஏறின சபை இல்ல. நாம அடிக்கு அடி குடுக்குத கூட்டமும் இல்ல."

"அடி குடுக்குத கூட்டம் இல்லைன்னுதான் நானும் நெனச்சிருந்தேன். உங்க வீட்டுல குடுத்திருக்காவளே."

முகம் கறுத்துவிட்டது. அடுக்கி வைத்திருந்த நுனி இலை ஒன்றை எடுத்து, சரடு சரடாகக் கிழித்துக்கொண்டே பேசினார். பெரிய வியாழனுக்குள் ஹெப்சிபா வீட்டுக்குத் திரும்பி ரூபன் காலைக் கழுவி ஒப்புரவாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு இராப்போஜனம் கிடையாது, சபைப் பட்டியலில் பெயரும் இருக்காது. அதற்கு உடந்தையாக இருக்கிறவர்களுக்கும் அதே கதி.

"போன மாசம் நீயே முன்ன நின்னு செஞ்சு வச்ச காரியம்தானே" என்றார் போகும்போது.

கிழித்த இலையையும் சேர்த்து அவருடைய கல்யாண மண்டபத்துக் கணக்கில் எழுதினேன்.

மார்ச் 2, வெள்ளி

மூப்பருடைய கல்யாண மண்டபத்துக்குப் பதினொரு வருஷமாக நான்தான் இலை கொடுக்கிறேன். இன்று அங்கிருந்து ஆள் வரவில்லை. இனி வராது. என் இலை அவர் மண்டபத்தை நம்பி முளைக்கவில்லை.

மார்ச் 6, செவ்வாய்

ஹெப்சிபா வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று கடைக்கு வந்துவிட்டாள். இலை தரம் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தேன். கை சுத்தம். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சோறு போட்டு வைத்திருக்கிறேன், என்னிடமே முறைப்பா?

பக்கத்தில் போய்த் தோளைத் தட்டினேன். "தொண்டை கிழியக் கத்துதேன். உனக்கென்ன, காது செவிடா?"

நிதானமாக முகத்தை முழுசாகத் திருப்பினாள்.

"ஆமா சித்தி. இந்தப் பக்கம் செவிடுதான். இனி வராதுன்னு டாக்டரம்மா போன வாரமே சொல்லிட்டாவ."

சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

மார்ச் 11, ஞாயிறு

கால் கழுவுவதற்கு யாருக்கு யார் ஜோடி என்று சீட்டு எடுக்கிற நாள். ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் இருபத்து நான்கு பேர். டப்பாவைக் கொண்டுவந்த போதகர் சாலமோன், சின்னப் பையன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஹெப்சிபா அக்கா பேரை எடுத்திருக்கு. மூப்பர் கமிட்டி முடிவு."

"ஐயா, அப்போ இருபத்து மூணு" என்றார் சுகிர்தம் டீச்சர். நாற்பது வருஷம் கணக்கு நடத்தியவர். "ஜோடி சேராது."

"ஒருத்தர் சும்மா இருக்கலாமே டீச்சர்."

"யாரு? கை தூக்கச் சொல்லுங்க."

யாரும் தூக்கவில்லை. எமீமா மட்டும், "எதுக்குக் கமிட்டி? அடிச்சவன் பேரு ஆம்பளைங்க டப்பாவுல இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றாள்.

போதகர் சொல்லவில்லை. இருக்கிறது என்று அர்த்தம்.

சீட்டு எடுக்காமலே கலைந்தோம். மூப்பர் மனைவி கனகபாய் மைனி கடைசியாக எழுந்தார். என்னிடம் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. வாசலில் அண்ணாச்சி பைக்கை முறுக்கினார். மைனி போய்விட்டார்.

மார்ச் 17, சனி

பத்து மணிக்குக் கனகபாய் மைனி கடைக்கு வந்தார். இருபது வருஷத்தில் அவர் தனியாக எங்கேயும் வந்து நான் பார்த்ததில்லை. கையில் கனமான துணிப்பை. ஹெப்சிபா மாமியாரைப் பார்த்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"அவ போட்டும். உங்கிட்டதான் வந்தேன்" என்று பையை என் மேஜைமேல் வைத்தார்.

உள்ளே பேசின். எங்கள் பன்னிரண்டாவது பேசின். விளிம்பு ஒரு பக்கம் உள்ளே சப்பி, எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருந்தது. நீலக் கரையில் துரு மாதிரி ஒரு கறை. துரு இல்லை.

"கெணத்துல போட்டுட்டு வான்னு அவிய குடுத்தாவ. ஒரு மாசமா அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன்."

"எல்லாம் தெரிஞ்சுதான் அண்ணாச்சி குடுத்தாவளா?"

"எல்லாம் தெரியும்."

பிறகு மைனி என் வலது கையை எடுத்து அந்தச் சுண்டுவிரலைத் தொட்டார்.

"உன் வீட்டுக்காரரு இதை முறிச்ச அன்னைக்கு நான் உன்னைப் பாக்க வந்தேன். என்ன சொன்னேன், நெனவிருக்கா?"

"பொறுத்துக்கோன்னீங்க. ஜெபம் பண்ணுவோம்னீங்க."

"பொறுத்தியே."

"அவரு செத்துப் பதினாலு வருசம் ஆச்சு மைனி. இப்போ எதுக்கு?"

"நான் சொன்னதையே நீ அவகிட்ட சொல்லிட்டியே ஞானப்பூ. அதான்."

டீ வாங்கி வரச் சொன்னேன். குடிக்காமலே போய்விட்டார். விரலைப் பற்றி இங்கே எழுத வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 18, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன். வியாபாரத்தில் நான் பொய்க் கட்டுக் கட்டியதில்லை. டைரியில் மட்டும் கட்டுவானேன்.

ஜனவரி பொங்கலுக்கு மறுவாரம் ஹெப்சிபா முதல்முறை என்னிடம் வந்தாள். ரூபன் கை நீட்டுகிறான் என்றாள். முதுகைக் காட்டினாள். எனக்கு அப்போது பொங்கல் வியாபாரம் முடிந்த களைப்பு. இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினால் எதுவும் படியும் என்கிற சந்தைத் திமிர் வேறு. அவளையும் கூட்டிக்கொண்டு, சபை அலமாரியில் இருந்து ஒரு பேசினையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"உனக்கு அவன்மேல மனஸ்தாபம். அப்போ நீதான் முதல்ல கழுவணும். அதுதான் நம்ம முறை" என்றேன்.

அவள் மண்டியிட்டுக் கழுவினாள். ரூபன் காலை நீட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்தான். அதையும் நான் பார்த்தேன். மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல பேரம் முடித்த மாதிரி.

புறப்படும்போது பேசினை அங்கேயே விட்டேன். "வாராவாரம் சனிக்கிழமை இப்படிக் கழுவிக்கோங்க, கோவம் தங்காது" என்று நானே அதை அடுப்படியில், கை எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

அவன் எடுத்து அடித்தது அதைத்தான்.

யார் மேல் மனஸ்தாபமோ அவர் காலைக் கழுவு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அடி வாங்கியவளுக்குத்தான் மனஸ்தாபம் இருக்கும், அடித்தவனுக்கு என்ன மனஸ்தாபம்? அவன் சௌக்கியமாக இருப்பான். இத்தனை வருஷத்தில் இது என் மண்டைக்கு உறைக்கவில்லை.

மார்ச் 22, வியாழன்

பேசினை ஹெப்சிபா முன்னால் வைத்தேன். அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"இதை அங்கே வச்சது நான். உன்னை அனுப்பினதும் நான்."

"தெரியும் சித்தி. நான் அங்கதான இருந்தேன்."

"என்மேல கோவம் இல்லையா உனக்கு?"

"இல்லாம? உங்க சோத்தைத் தின்னுக்கிட்டே கோவமாத்தான் இருக்கேன்." சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில நான் உங்களைப் பாத்தேன். நீங்க காலண்டரைப் பாத்தியோ."

அவள் கட்டு அவிழ்த்து இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் திங்கக்கிழமை ஸ்டேஷனுக்குப் போறேன். சபை கோர்ட்டுக்குப் போவாதுன்னா சபை வர வேண்டாம். நான் போறேன்."

"நானும் வாறேன்."

"வாங்க. ஆனா வியாழக்கிழமை கோயிலுக்கும் நான் வருவேன். பேரை எடுக்கச் சொல்லி நான் சொல்லல. ஞானஸ்நானம் வாங்கினது நான், மாமா இல்ல."

இவளை நான் சாது என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 26, திங்கள்

வாழைத் தோட்டத்தில் காற்று. இலை எல்லாம் கிழிசல். சுகிர்தம் டீச்சரிடமும் எமீமாவிடமும் ஜனவரிக் கதையைச் சொன்னேன். டீச்சர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். எமீமா, "நீரு பெரிய வியாபாரிதான்" என்றாள். அதற்குமேல் அவள் திட்டாததுதான் எனக்கு உறைத்தது. பிறகு மூன்று பேரும் ஜெபித்தோம். இவ்வளவு நாளும் என் ஜெபத்தில் நான் யாருக்காவது ஏதாவது கேட்பேன். இன்று எனக்காகக் கேட்டேன்.

மார்ச் 29, பெரிய வியாழன்

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆராதனை. ஹெப்சிபா பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ரூபன் வரவில்லை. மூப்பர் முன்வரிசையில்.

போதகர் வாசித்தார், ஜெபித்தார். பிறகு, "தகுதியானவர்கள் மட்டும் முன்னால் வாங்க" என்று சொல்லிக் கமிட்டியைப் பார்த்தார். பெண்கள் பக்கம் பதினொரு பேசின் வரிசையாக இருந்தது. நான் என் துணிப்பையில் இருந்து பன்னிரண்டாவதை எடுத்தேன். தண்ணீர் ஊற்றினேன். விளிம்பு சப்பியிருந்ததால் அந்தப் பக்கமாகச் சிந்திக்கொண்டே வந்தது. நடுவழி நெடுகத் தண்ணீர் சிந்த, கடைசி பெஞ்சுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு அது பெரிய வேலை.

"ஞானப்பூ!" மூப்பர் எழுந்துவிட்டார். "அவ பந்திக்கு வெளிய இருக்கவ."

"முறை நீங்க சொல்லிக் குடுத்ததுதானே அண்ணாச்சி? ஒப்புரவாக வேண்டியவங்க காலை முதல்ல கழுவணும். நான் ஒப்புரவாக வேண்டியது இவகிட்ட."

"அது என்ன பேசின்? எங்க இருந்து வந்துச்சு?"

"உங்க வீட்டுல இருந்து" என்றேன். "கெணத்துக்குப் போக வேண்டியது. வழி தவறி இங்க வந்துட்டுது."

பெண்கள் எல்லாரும் அந்தச் சப்பிய விளிம்பைப் பார்த்தார்கள். பிறகு ஹெப்சிபாவின் காதைப் பார்த்தார்கள். நான் விளக்கம் சொல்ல வேண்டி வரவில்லை. ஆனாலும் சொன்னேன். இதை அந்த வீட்டில் வைத்தது நான், அவளை அங்கே திருப்பி அனுப்பியது நான் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். இலை ஏலம் கேட்கிற தொண்டை, கடைசிவரை கேட்டிருக்கும்.

ஹெப்சிபா வலது காலை நீட்டினாள். கழுவினேன். தண்ணீர் பாதிதான் மிச்சம் இருந்தது.

முன்வரிசையில் சேலை சரசரத்தது. கனகபாய் மைனி நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கனகு!" என்றார் மூப்பர். அதட்டல் இல்லை, பயம்.

"இன்னொரு காலு இருக்குல்லா?" என்றார் மைனி, திரும்பாமல். மருமகளின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு எமீமா ஒரு பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுகிர்தம் டீச்சர் ஒன்று. ஒவ்வொருவராகப் பின்னால் வந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சைச் சுற்றி உட்கார இடம் இல்லை, தரையெல்லாம் தண்ணீர். எல்லாரும் என்று எழுத ஆசைதான். ஐந்து பேர் முன்னாலேயே இருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் ஹெப்சிபாவுக்கு அப்பம் கொடுக்க மாட்டோம் என்றார்கள். சரி, எங்களுக்கும் வேண்டாம் என்று பத்தொன்பது பேரும் உட்கார்ந்திருந்தோம். போதகர் அப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவழியில், அந்தத் தண்ணீரில், பாதித் தூரம் வந்து நின்றுவிட்டார். அடுத்த வருஷம் மீதித் தூரம் வருவாராக இருக்கும்.

துண்டால் துடைக்கும்போது ஹெப்சிபாவிடம் கேட்டேன், "என்னை மன்னிச்சிட்டியாளா?"

"யோசிச்சுச் சொல்லுதேன் சித்தி. நல்லா விரல் இடுக்குல தொடைங்க."

ஏப்ரல் 1, ஈஸ்டர்

சபைப் பட்டியலில் இருந்து என் பெயரையும் எடுக்கப்போவதாகக் கமிட்டியில் பேச்சாம். எமீமா சொன்னாள். பத்தொன்பது பெயரையும் எடுத்தால் சங்கீதம் யார் பாடுவது, தரை யார் பெருக்குவது, சாவு வீட்டில் யார் உட்காருவது? எடுக்கட்டும்.

ஏப்ரல் 2, திங்கள்

கடைக்குப் பூட்டு. இது இந்த வருஷத்தில் இரண்டாவது முறை. ஹெப்சிபா, டீச்சர், எமீமா, நான், நான்கு பேரும் டவுனுக்குப் பஸ்ஸில் போனோம். பேசின் என் மடியில். கண்டக்டர், "பாத்திரம் விக்கிறீயளா அக்கா?" என்றார். "இது விலைக்கு இல்லை" என்றேன்.

மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் மூன்று மணிநேரம் பெஞ்சில் இருந்தோம். டீச்சர் முணுமுணுவென்று ஜெபித்துக்கொண்டே இருந்தார். எமீமா பாதித் தைத்த ஜாக்கெட்டுக்கு ஹூக் கட்டினாள். நான் கட்டுக் கட்டுகிற நாரை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தேன்.

அதிகாரியம்மா சின்ன வயசு. ஹெப்சிபாவுக்கு இடப்பக்கமாக நின்று ஏதோ கேட்டார். அவள் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கம் வந்து கேளுங்க மேடம். அந்தப் பக்கம் கேக்காது. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

ஒன்றுவிடாமல் சொன்னாள். அழவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் விழுந்ததாக இருக்கிறதே என்று கேட்டார் அதிகாரியம்மா. "அன்னைக்குப் பயந்துட்டேன். இன்னைக்குப் பயப்படல. இதை எழுதுங்க" என்றாள். பேசினை மேஜைமேல் வைத்தாள்.

அதிகாரியம்மா என்னைப் பார்த்தார். என் விரலையும் ஒரு பார்வை பார்த்தார். அந்த வேலையில் இருக்கிறவர்களுக்குக் கண் அப்படி.

"நீங்க இவங்களுக்கு யாரு? அம்மாவா?"

இல்லை. சித்தி என்று கூப்பிடுவாளே தவிர, சொந்தமும் இல்லை. ஒரே சபை என்று சொல்லலாம், நாளைக்கு அதுவும் இருக்குமோ என்னவோ. சோறு போட்டவள், கடையில் வேலை கொடுத்தவள் என்று சொல்ல எனக்கே நா கூசியது. ஹெப்சிபா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரியில் பார்த்த அதே மாதிரி. இங்கேயும் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது.

"அந்தப் பேசினை அந்த வீட்டுல கொண்டு வச்சது நான்தான்மா" என்றேன். "அதையும் எழுதிக்கோங்க."